சனிக்கிழமைக்கு என்ன விளையாட்டு? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வெஸ்ட்வில் பக்கம் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. வார நாட்களில் வீட்டு உதவிக்கு வரும் ஸூலு அம்மாதான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். அவரை 'கோகோ' (ஸூலுவில் பாட்டி) என்றுதான் கூப்பிடுவான். சனி, ஞாயிறு வந்தாலே எனக்குப் பதற்றம். மாலுக்குப் போனால் காசு கரைகிறது. வீட்டில் இருந்தால் டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பதே வேலையாகிவிடுகிறது. போன மாதம் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வண்ணத்தாள், ஜிகினா, பசை எல்லாம் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து வெட்டி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கும்பகோணத்தில் தெருவிலேயே விளையாடி வளர்ந்தவள். இங்கே கேட்டைத் தாண்டிப் பிள்ளையை அனுப்ப முடியாது. பெரிய செலவும் முன்தயாரிப்பும் இல்லாமல் அவனோடு என்ன விளையாடலாம்? எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால் நல்லது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரியைத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையோடு எதை விளையாடுவது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எது பிடிக்கும்? அம்மா கடனே என்று உட்கார்ந்திருக்கிறாளா, ரசித்து உட்கார்ந்திருக்கிறாளா என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். ஜிகினா ஒட்டுவதில் உங்களுக்கே ஆசை இருந்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. தவிர, வெட்டும் வேலையை எல்லாம் நீங்களே ராத்திரி முடித்துவிட்டீர்கள். அந்த வயதில் பிள்ளைக்கு அதுதான் விளையாட்டு. ஒட்டி முடித்த பூ அவனுக்கு எதற்கு?

கும்பகோணத்துத் தெருவில் வளர்ந்தேன் என்கிறீர்கள். அப்படியானால் கல்லாங்காய் ஆடாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அதையே எடுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு ஆசானும் இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் டிகேட்டோ நம் கல்லாங்காய்க்கு உடன்பிறந்தது மாதிரி இருக்கும். தரையில் சின்ன வட்டம் போடுவார்கள், அல்லது ஒரு குழி தோண்டுவார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு கூழாங்கற்கள். கையில் ஒரு பெரிய கல். அதை மேலே போட்டு, கீழே வருவதற்குள் வட்டத்திலிருக்கும் கற்களை வெளியே வாரிவிட்டு, பெரிய கல்லைப் பிடிக்க வேண்டும். அடுத்த வீச்சில் ஒன்றை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றவற்றை உள்ளே தள்ள வேண்டும். ஊருக்கு ஊர் பெயரும் விதியும் கொஞ்சம் மாறும். உங்கள் கோகோ சின்ன வயதில் இதை ஆடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு நாள் சாயங்காலம் அவர் கிளம்புவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து ஆடுவதைப் பையன் பார்க்கட்டும். நான்கு வயதுக் கைக்குக் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது வராது, வரவும் வேண்டாம். அவனுக்கு ஒரு சுருட்டிய சாக்ஸ் கொடுங்கள். அதை மேலே போட்டுப் பிடிப்பதற்குள் ஒரு கல்லை எடுத்தால் போதும். பிறகு பாருங்கள், நீங்கள் போதும் என்றாலும் விடமாட்டான். (வீட்டுக்கு மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை யாராவது வந்தால் கற்களை எடுத்து வைத்துவிடுங்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்.)

அடுத்தது அடுப்படி. சமைக்கும்போது அவனை வெளியே அனுப்புகிறீர்கள் என்றால், வீட்டிலேயே சுவாரசியமான அறையை அவனுக்குச் சாத்திவிடுகிறீர்கள். சனிக்கிழமை காலை ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாள் முழுவதும் அவனையே பூசச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு அந்தத் தாளில் கோடு இழுக்கட்டும். கோடு சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாற்றை அதன்மேல் தடவினால் திரும்ப மஞ்சளாகும். சமையல் சோடா கரைத்த தண்ணீரிலும் இது நடக்கும். காரத்தன்மை பட்டால் மஞ்சளில் இருக்கும் குர்குமின் நிறம் மாறும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். விஷயம் அவ்வளவுதான். நீங்கள் இதை எப்போதோ பார்த்திருப்பீர்கள்: ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்குமே, அதேதான். காரணத்தை அவனுக்கு உடனே விளக்க வேண்டாம். 'இதில் தடவினால் என்ன ஆகும்?' என்று வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அவனே தூக்கிக்கொண்டு வரட்டும். தயிர், டீ, பற்பசை, எல்லாம் வரும். சட்டையில் கறை பட்டால் பயப்படாதீர்கள். துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினால் மஞ்சள் கறை வெளுத்துப்போகும்.

வாளித் தண்ணீரில் ஆரஞ்சுப் பழம் மிதக்கும், தோலை உரித்துப் போட்டால் முங்கும். தோலுக்குள் இருக்கும் காற்று செய்யும் வேலை. இதற்கு இரண்டே நிமிடம்தான். ஆனால் அன்று முழுக்க வீட்டில் இருப்பதெல்லாம் வாளிக்குள் போகும். செல்போனை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்கால விடுமுறையில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முற்றத்தில் அவனை நிறுத்தி, நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். காலடி எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் நிறுத்தி இன்னொன்று, மாலை நான்கு மணிக்கு இன்னொன்று. டர்பனில் நண்பகலில் சூரியன் எப்போதும் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். கும்பகோணத்தில் உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர் நீங்கள். இங்கே ஜூன் மாதத்தில் நண்பகல் நிழலே ஆளைவிட நீளம். பாட்டியை அதே நாளில் கும்பகோணத்து மாடியில் மத்தியானம் நின்று நிழலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பையனைவிட நீங்கள்தான் அதிக நேரம் பார்ப்பீர்கள்.

பாட்டி என்றதும் இன்னொன்று. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கு வைத்து, கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை வீடியோ காலில் பாட்டி சொல்லச் சொல்ல நீங்கள் அவன் கையில் செய்யலாம். பாட்டிக்குப் பேரன் கைக்கு எட்டியது மாதிரி இருக்கும்.

மின்வெட்டு வந்தால் டார்ச், சுவர், கை நிழலில் முயல், நாய். சரி, இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

டேப்லெட் பற்றிக் குற்றவுணர்ச்சியோடு எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டலில், மூன்று நான்கு வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. ஓடி ஆடுவதற்கு நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். அது ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. வாளி தூக்குவது, கறிவேப்பிலை பறிக்க ஓடுவது எல்லாம் கணக்கில் சேரும். பாட்டியோடு வீடியோவில் பேசுவதை நான் திரைக்கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

ஐந்து நிமிடத்தில் எழுந்து போனான் என்று வருந்த வேண்டாம். அந்த வயதில் ஐந்து நிமிடம் சாதாரணம். தனக்குப் பிடித்ததை மட்டும் அரைமணி நேரம் விடாமல் செய்வான், அதையே மறுநாளும் கேட்பான். அவன் எழுந்து போகும் திசையில் நீங்களும் போங்கள். ஒரு இருபது நிமிடம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனால் போதும்.

வெளியே போக வேண்டும் என்றால் மால் எதற்கு? டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 1849இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கும் பழைய பூங்காக்களில் ஒன்று. குளத்தருகே கூழைக்கடாக்கள் மரத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே வுட் சைகேட் என்ற, பார்க்கப் பனை மாதிரி இருக்கும் ஒரு மரம் இருக்கிறது, அவசியம் காட்டுங்கள். இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 1895இல் மெட்லி வுட் என்பவர் ஓங்கோயே காட்டில் கண்டுபிடித்த ஒற்றை ஆண் மரத்தின் வழி வந்தது. பெண் மரம் இதுவரை எங்குமே கிடைக்கவில்லை. அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் மகன் கேள்வி கேட்டே தீர்த்துவிடுவான். கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கி, தாளுக்கு அடியில் வைத்துக் கிரேயானால் தேய்த்தால் நரம்பெல்லாம் வரும். ஒரு தாள், ஒரு கிரேயான் எடுத்துப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசிக்கு வைத்தேன்: கடலோரப் பாறைக்குழிகள். உம்லோட்டி, சால்ட் ராக், பல்லிட்டோ பக்கம் அலை நன்றாக உள்வாங்கும்போது பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கி நிற்கும். நம் வீட்டு நாள்காட்டி இதற்கு நல்ல துணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அலை அதிகம் உள்வாங்கும். நம் கரையில் அந்த நாட்களில் காலை பத்து மணிக்கு முன்பின்னாக நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும். சரியான நேரத்தை அன்றைய அலை அட்டவணையில் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஒரே ஒரு குழியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அசையாமல் இருந்தால் விரல்நீள மீன்கள் வெளியே வரும், நண்டு கல்லுக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கும், பூ மாதிரி இருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினம் இதழ் விரிக்கும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே மாதிரித் திருப்பி வையுங்கள், எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அலைக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். கரையில் நீலப் பை மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் ப்ளூ பாட்டில் என்ற கடலுயிரியைத் தொட விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். பாறை வழுக்கும் என்பதால் இரண்டு பேருக்கும் பிடிமானமுள்ள செருப்பு வேண்டும், தொப்பி வேண்டும், அவனுக்கு மாற்று உடை இரண்டு செட்டாவது வேண்டும்.

அன்புடன்,
அக்கா