மாடியறைக்கு எட்டாத வேகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு உள்ளது. ரௌட்டர் கீழ்த்தளத்தில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மாடியறையில் என் மகன் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறான். வீடியோ கூட்டம் நடக்கும்போது படம் அடிக்கடி நின்றுவிடுகிறது. குரலும் விட்டுவிட்டுக் கேட்கிறது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று இணைப்பு கொடுத்தவர் சொல்கிறார். மாறலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். ஒரு வீடியோ கூட்டத்துக்கு ஏறத்தாழ 4 எம்பிபிஎஸ் வேகமே போதுமானது. மிக உயர்ந்த தரமான 4கே படத்துக்குக்கூட நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ்தான். அப்படியிருக்க, 100 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் ஒரு கூட்டம் தடைப்படுகிறது என்றால், குறை பிளானில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாசலுக்கு வந்து சேரும் வேகம் மகனின் மேசை வரை போய்ச் சேரவில்லை என்றே கருத வேண்டும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எங்கே இழப்பு நேர்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் மாதக் கட்டணத்தை மட்டும் உயர்த்திக்கொண்டால், கீழ்த்தளத்தில் வேகம் கூடும். மாடியறை இப்போதிருக்கும் நிலையிலேயே இருக்கும்.

கண்டுபிடிப்பது கடினமன்று. மகனின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, லேன் கேபிள் வழியாக நேராக ரௌட்டரில் இணைத்து, வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் செய்து பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, அதே இடத்திலிருந்து வைஃபையில் ஒருமுறை பாருங்கள். அடுத்து மாடியறையில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே ஒருமுறை பாருங்கள். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். கூட்டத்தில் மகனின் முகமும் குரலும் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வது பதிவேற்றத்தில்தான். கம்பியில் 90-க்கு மேல் வந்து மாடியில் 5 அல்லது 6 மட்டுமே வந்தால், இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கம் குறை ஏதுமில்லை, வீட்டுக்குள் வைஃபைதான் தடுமாறுகிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். கம்பியிலேயே குறைவாக இருந்தால் மட்டுமே நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

தங்கள் கடிதத்தைப் படித்தவரையில் முதலில் சொன்னதே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிவியின் பின்புறம் ரௌட்டருக்கு உகந்த இடமே இல்லை. டிவிக்குள் இருக்கும் உலோகத் தகடு அலைகளைத் தடுக்கிறது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றின் அருகாமையும் அப்படித்தான். நம் வீடுகளின் 9 அங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் வைஃபை அலையை வெகுவாக உறிஞ்சிவிடுகின்றன. இதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகம் மிக்கது, ஆனால் சுவரைக் கடக்கும் திறன் குறைந்தது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வெகுதூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலையாக, ரௌட்டரை டிவியின் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படிக்கு அருகில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் மாட்டுங்கள். படிக்கட்டின் திறப்பு வழியாக அலை மேலேறும். கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஃபைபர் கேபிளின் நீளம் போதவில்லையென்றால் இணைப்பு கொடுத்தவரையே அழைத்து மாற்றச் சொல்லுங்கள். அந்த மெல்லிய கண்ணாடி இழையை நாமே இழுத்து மடக்குவது கூடாது.

அதற்குப் பின்னும் மாடியில் வேகம் போதவில்லையென்றால், நான் உறுதியாகச் சொல்லக்கூடிய தீர்வு ஒன்றுதான்: கீழிருந்து மாடியறைக்கு கேட்-6 வகை லேன் கேபிள் ஒன்றை இழுத்து, அதன் முனையில், கம்பியில் வரும் இணையத்தை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றைப் பொருத்துங்கள். பழைய ரௌட்டர் வீட்டில் கிடந்தால், பெரும்பாலானவற்றை அதே வேலைக்கு அமைத்துக்கொள்ள முடியும். இவ்வகைக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுசெல்லும். வீட்டின் வெளிச்சுவர் வழியாக இழுப்பதானால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கேபிளின் மேலுறை நம் ஊர் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். மின்கம்பி போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்துவிட எலக்ட்ரீஷியன் முனைந்தால் சம்மதிக்காதீர்கள். தனிப் பைப் வேண்டும். கேபிள் மாடிக்குப் போய்விட்டால், மகனின் லேப்டாப்பை வைஃபை இல்லாமல் அதிலேயே நேராக இணைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது. கீழே இருக்கும் டிவியையும் கம்பியில் இணைத்துவிட்டால், அது விட்டுக்கொடுக்கும் வைஃபை நேரம் மற்றக் கருவிகளுக்குக் கிடைக்கும்.

கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது, வைஃபை அலையை வாங்கித் திரும்பவும் பரப்பும் ரிப்பீட்டராகத்தான் இருக்கும். விலை குறைவுதான். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், கிடைக்கும் வேகத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். அதை அலை எட்டாத அறைக்குள்ளேயே கொண்டுபோய் மாட்டினால் எந்தப் பயனும் இல்லை. அலை நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: எங்களுடையது 300 எம்பிபிஎஸ் பிளான். லேப்டாப்பைக் கம்பியில் இணைத்துப் பார்த்தாலும் 94-க்கு மேல் ஒருநாளும் ஏறுவதில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 94 என்று எழுதியிருப்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கக்கூடிய ஓர் இணைப்பில், தரவோடு சேர்ந்து போகும் முகவரி முதலான மேல்தகவல்கள் போக, நமக்குக் கிடைக்கும் உச்ச வேகம் அவ்வளவுதான். எனவே ரௌட்டரின் லேன் போர்ட் (கேபிளைச் செருகும் துளை), லேப்டாப்பின் போர்ட், நடுவிலுள்ள கேபிள் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று 100-இல் நின்றுவிடுகிறது. விலை குறைந்த பல ரௌட்டர்களில் போர்ட்டே அவ்வளவுதான். பெட்டியின் மேல் ‘கிகாபிட்’ (Gigabit, அதாவது 1000 எம்பிபிஎஸ்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

போர்ட்கள் சரியாக இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளின் முனையிலுள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே எட்டு வண்ணக் கம்பிகள் தெரியும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். கிகாபிட் வேகத்துக்கு நீலம், பழுப்பு உள்ளிட்ட நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் இருந்தால், இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். இதனால்தான் பலர் இதை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை. வேறொரு நல்ல கேபிளை மாட்டிப் பாருங்கள். வேகம் கூடினால் பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி) கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளானில் குறிப்பிடுவது மெகாபிட். கோப்பைப் பதிவிறக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 300 எம்பிபிஎஸ் முழுமையாக வந்தாலும் திரையில் நொடிக்கு 37.5 மெகாபைட் என்றுதான் காட்டும்.

கேள்வி: டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் இணைய வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. இணையதளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்டுப் பெறுவதற்கே டிஎன்எஸ் பயன்படுகிறது. தங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால், பக்கம் திறக்கத் தொடங்குவது சற்று விரைவாகும். பதிவிறக்க வேகம் மாறாது. வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலிகளை மொபைலில் நிறுவாதீர்கள். அவை கம்பியையும் அலையையும் மாற்ற இயலாது, தங்கள் தகவல்களைத் திரட்டுவதற்கு மட்டும் வழி கிடைத்துவிடும்.

கேள்வி: காலையில் நல்ல வேகம். இரவு 8 மணியிலிருந்து 11 மணி வரை எதுவுமே திறப்பதில்லை. கம்பியில் பார்த்தாலும் அப்படியே. புகார் சொன்னால், ‘ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற ஒரே பதில்தான் வருகிறது.
– வாசகி, மதுரை

பதில்: கம்பியிலும் அதே நிலை என்று பார்த்து எழுதியது மிகவும் உதவுகிறது. தாங்கள் வீட்டுக்குள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஃபைபர் இணைப்பில் ஒரே இழை, ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பான் வழியாகப் பிரிந்து பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் (GPON) எனப்படும், பரவலாக உள்ள இந்தப் பகிர்வு முறையில் அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்வது ஏறத்தாழ 2.5 கிகாபிட் வேகத்தைத்தான். அதற்கு மேலே, நிறுவனம் தன் பகுதிக்கென வாங்கியிருக்கும் மொத்த இணையக் கொள்ளளவும் போதாமல் இருக்கலாம். எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் தினமும் தவறாமல் குறைந்து, நள்ளிரவில் சரியாகிவிடுகிறது என்றால் நெரிசலே காரணம். ரௌட்டரை எத்தனை முறை அணைத்தாலும் அது தீராது. நேரத்தோடு தொடர்பில்லாமல், மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால், பிளானில் உள்ள தரவு வரம்பு தீர்ந்திருக்கலாம். அந்த வரம்பையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவித்தாக வேண்டும்.

தாங்கள் கேட்கும் நியாயம் கிடைக்க, எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஒரு வார காலம் காலை, இரவு என இரு வேளையும் கம்பியில் அளந்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்களை எடுத்துவையுங்கள். அவற்றைக் கொண்டு வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வரும் லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொல்வது புகாராகக் கணக்கில் வராது. தீர்வு கிடைக்கவில்லையென்றாலோ, கிடைத்த தீர்வு நிறைவளிக்கவில்லையென்றாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது. முறையீட்டில் புகார் எண்ணையும், இரவு நேர அளவுகளையும், பிளானில் தருவதாகச் சொன்ன வேகத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுங்கள்.