பீர் போடும் சிறிய ப்ரூவரிக்கு, கெக் என்கிற ஸ்டீல் பீப்பாயைக் கழுவும் மெஷின் வாங்கலாமா?

"எங்களிடம் 40 கெக் இருக்கிறது, கையால் கழுவி மாளவில்லை, ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் கழுவுகிற காஸ்டிக் சோடா கரைசலை அது எத்தனை டிகிரிக்குச் சூடாக்கும், உங்கள் ஊர் கரண்டில் சூடாக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் கோத்தகிரியில் கொம்புச்சா போடுகிறேன். தேநீரைப் புளிக்கவைக்கிறவனுக்கு ப்ரூவரியைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் நான்கு வருடம் கெக் கழுவியவன் நான். இங்கே நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, கண்ணாடி பாட்டில் மலைப்பாதையில் உடைகிறது. அதனால் எனக்கும் கெக்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே நேரத்தில் இரண்டு கெக் கழுவும் இரண்டு தலை மெஷின் ஒன்று வாங்கினேன். கெக்கைக் கவிழ்த்து வைத்துப் பட்டனை அழுத்தினால் காற்று, தண்ணீர், காஸ்டிக், மறுபடி தண்ணீர், ஆசிட் என்று தானே செய்துவிடும். கீழே கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டியபோது ஒரு குறையும் இல்லை. மேலே கொண்டுவந்தது டிசம்பரில். தொட்டித் தண்ணீரில் கையை வைக்க முடியாது, அவ்வளவு குளிர். சாயங்காலமானால் எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஹீட்டரின் பலம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குப் போய்விடும். மெஷினோ நேரத்தை மட்டும் எண்ணுகிறது, சூட்டைப் பார்ப்பதே இல்லை. 70 டிகிரியில் ஓட வேண்டிய காஸ்டிக் 35 டிகிரியில் ஓடி முடிந்து, பச்சை விளக்கும் எரிந்துவிட்டது.

குன்னூரில் ஒரு கஃபேக்கு அனுப்பிய 11 கெக்கும் திரும்பி வந்தன. கெக்கின் வாயிலிருந்து அடிவரை இறங்கும் குழாயான ஸ்பியரைக் கழற்றினால் உள்ளே வழுவழுவென்று படலம். அந்தக் கஃபே அக்கா கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்லா கழுவிட்டு மறுபடி கொண்டு வா தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். மெஷின் விற்றவர்களைக் கூப்பிட்டால், ஆள் மலையேறி வர மூன்று வாரம்.

அப்புறம் நானே இரண்டு மாற்றம் செய்தேன். தண்ணீரைக் கேஸ் கீசரில் முன்கூட்டியே சூடாக்கி விடுகிறேன், ஹீட்டருக்குக் கடைசி 20 டிகிரி வேலைதான். கெக்கிலிருந்து கரைசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். அங்கே 65 காட்டினால்தான் டைமரே தொடங்கும். பெரிய ஆலையில் இருப்பவர்களுக்கு இது சில்லறை வேலையாகத் தெரியலாம். அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை, 40 கெக் வைத்திருப்பவருக்கு எழுதுகிறேன்.

மெஷின் பார்க்கும்போது காஸ்டிக்குக்கு முன் காற்று விட்டு கெக்கைக் காலி செய்கிறதா என்று கேளுங்கள். உள்ளே கார்பன் டை ஆக்சைடு மிச்சமிருந்தால் அது காஸ்டிக்கோடு சேர்ந்து கார்பனேட் ஆகி, கரைசலின் வீரியம் போய்விடும். ஆசிட்டுக்குத் தனித் தொட்டி வேண்டும். பீர் கெக்கின் உள்ளே படியும் பீர்க் கல் கால்சியம் ஆக்சலேட், அது காஸ்டிக்குக்கு அசையாது. என் கெக்கில் வரும் படலம் செல்லுலோஸ், அதற்கு இரண்டுமே போதாது, ஸ்பியரைக் கழற்றி பிரஷ் போட்டே ஆக வேண்டும். கழற்றும் முன் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். ஸ்பியர் தெறித்து ஆள் செத்திருக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அப்பா ஃபேக்டரிக்குப் போடும் இலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கும் உரத்துக்கும் சரியாகப் போகிறது. அதே இலையில் நான் போட்ட கொம்புச்சாவைப் பார்த்து, ஊட்டிக்கு வருகிறவர்கள் "இவ்வளவு விலையா, வெறும் டீதானே" என்கிறார்கள். வெறும் டீ இல்லை அது. பனியில் நின்று பறித்தது.

சரி, உங்கள் விஷயம். முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் அழுக்குக் கெக் இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள். ரிட்டர்ன் குழாயில் தெர்மாமீட்டர் வைத்து ஓட்டச் சொல்லுங்கள், பிறகு ஸ்பியரைக் கழற்றி நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.