அடுக்களைக் கேள்வி-பதில்: நாவல், களா, ஸ்ட்ராபெர்ரி

கேள்வி: ஆனி, ஆடியில் நாவல்பழம் வாங்கி வந்தால், பிள்ளைகள் நாலைத் தின்றுவிட்டுத் தொண்டையைப் பிடிக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மிச்சம் மறுநாளே நசநசத்துப் போகிறது. தினச் சாப்பாட்டோடு சேர்க்க வழி உண்டா அக்கா?
- வாசகி, செல்லூர்

பதில்: உண்டு தங்கச்சி. முதலில் வாங்கும் இடத்திலேயே கவனமாக இருங்கள். சிவப்பு கலந்த பழம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் துவர்க்கும். வாழை, மாம்பழம் போல வீட்டில் வைத்தால் கனிந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. மரத்தில் பழுத்தால்தான் உண்டு. ஔவைப்பாட்டியிடம் முருகன் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்ட கதை நம் அழகர்மலைப் பழமுதிர்சோலைக் கதைதானே. கீழே விழுந்ததும் மண் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கனிந்ததுதான் அந்தச் சுட்ட பழம். நான் அழகர்கோவில் சாலையில் கூடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம்தான் வாங்குவேன். "ஒண்ணு வாயில போட்டுப் பாரு தாயி" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். நீங்களும் ருசி பார்க்காமல் வாங்காதீர்கள்.

துவர்ப்பை அடக்கக் கல்லுப்பு போதும். மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா, ஓலைக்கொட்டானில் பழத்தைப் போட்டு, மேலே கொஞ்சம் கல்லுப்பைத் தூவி, மூடிக் குலுக்குவார். பழம் லேசாகக் கன்றி, உப்பு உள்ளே இறங்கும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் வருகிற வாசனை எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. இப்போது நான் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் குலுக்குகிறேன். கூழ்ச் சோற்றுக்கும் தயிர்சாதத்துக்கும் அப்படியே தொட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு ஊறுகாயை யாரும் தேட மாட்டார்கள்.

அடுத்தது பச்சடி. பதினைந்து பழத்தைக் கொட்டை நீக்கிக் கிள்ளி வையுங்கள். இரும்புக் கத்தி, இரும்புச் சட்டி வேண்டாம். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கெட்டித் தயிரில் உப்பு சேர்த்து, கடுகு, ஒரு மோர்மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். பழத்தை மட்டும் இலை போட்ட பிறகு கலக்குங்கள். முன்கூட்டியே கலந்தால் நீர்த்துவிடும். தயிர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கவே பிள்ளைகள் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

மிச்சப் பழத்தைக் கழுவாமல், ஈரம் படாமல், அகலமான தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது கழுவினால் போதும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பது நசுங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் ஒரே தடவையில் ஒரு கிலோ வாங்காமல், கால் கிலோவாக வாங்கினாலே பாதிக் கவலை தீரும்.

கேள்வி: தோட்டத்து வேலியில் களாச்செடி காய்த்துக் கிடக்கிறது. ஊறுகாய் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது. வேறு என்ன செய்யலாம்?
- வாசகர், நத்தம்

பதில்: புளிக்குப் பதில் போடுங்கள் அண்ணே. காயை இரண்டாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு அலசினால் பிசுபிசுப்பான பால் போய்விடும். அப்புறம் பாசிப்பருப்பு பாதி வெந்ததும் ஒரு கைப்பிடி சேருங்கள். பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் சீரகத் தாளிப்பு. மாங்காய்ப் பருப்பைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். எல்லாவற்றையும் காயாகவே பறித்துவிடாதீர்கள். கருநீலமாகப் பழுத்த களாவை, ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அதைச் செடியிலேயே பறித்துத் தின்னக் கொடுங்கள். முள்ளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் போய் வந்தவர்கள் ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரி கொடுத்தார்கள். ஒரே புளிப்பு. வைத்திருந்தால் இனிக்குமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: இனிக்காது. நாவலைப் போல இதுவும் பறித்த பின் இனிக்காத பழம். மாங்காய்ப் பச்சடி மாதிரி வெல்லப் பச்சடி செய்துவிடுங்கள். வேப்பம்பூ இருந்தால் வறுத்து மேலே தூவலாம். நான் செய்திருக்கிறேன், நன்றாக இருந்தது.

கேள்வி: சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்களே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் ஐயா. என் சித்தப்பா இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினார். காலில் பட்ட சின்னப் புண் ஆறாமல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். பழம் சாப்பிடுங்கள், அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொடி சாப்பிட ஆசையாக இருந்தால், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.