வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் மத்திய அரசும் மாநில உரிமையும்

கேள்வி: பிரிட்டனின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற 13 அமெரிக்க மாநிலங்கள், சில ஆண்டுகளுக்குள்ளேயே வலுவான ஒரு மத்திய அரசைத் தாமாக ஏற்றுக்கொண்டது ஏன்?
(வாசகர், சேலம்)

பதில்: அவை முதலில் அமைத்துக்கொண்ட ஏற்பாடு பணமில்லாமல் முடங்கிப்போனதுதான் காரணம். 1777-இல் வரையப்பட்டு 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பொது மன்றமான காங்கிரசில், சிறியதாயினும் பெரியதாயினும், ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அந்த மன்றத்துக்குப் போர் அறிவிக்கவும் உடன்படிக்கை செய்யவும் அதிகாரம் இருந்தது. வரி விதிக்க அதிகாரம் இல்லை. பணம் வேண்டுமென்றால் மாநிலங்களிடம் கேட்க வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. போர்க்கடனுக்கு வட்டி கட்டவும் படைவீரர்களின் சம்பள பாக்கியைத் தீர்க்கவும் வழியின்றி, இறக்குமதிப் பொருள்கள் மீது 5 சதவீதத் தீர்வை விதிக்க காங்கிரஸ் ஒப்புதல் கேட்டது. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் இசைய வேண்டும் என்பதால், 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் மறுத்ததும் திட்டம் படுத்துவிட்டது. 1783-இல் அதைத் திருத்திக் கொண்டுவந்தபோது, தன் துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத நியூயார்க் முட்டுக்கட்டை போட்டது.

இதற்கிடையே 1786-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மாநில அரசு தன் போர்க்கடனை அடைக்கக் கடும் வரி போட்டது. கையில் நாணயம் இல்லாதவர்களின் நிலமும் மாடும் கடனுக்காக நீதிமன்றத்தின் வழியே பறிபோயின. டேனியல் ஷேஸ் முதலிய முன்னாள் படைவீரர்களின் தலைமையில் அவர்கள் நீதிமன்றங்கள் கூடவிடாமல் தடுத்தார்கள்; 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றவும் முயன்றார்கள். அதை அடக்க காங்கிரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் தம் பணத்தைப் போட்டு ஒரு படையை அனுப்ப நேர்ந்தது. அந்த விவசாயிகளின் குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் செல்வர்களும் தலைவர்களும் அந்நிகழ்ச்சியில் கண்டது, மத்தியில் கையாலாகாத ஓர் அரசையும் நாடெங்கும் பரவக்கூடிய ஓர் ஆபத்தையும்தான். நான்கு மாதங்களில், 1787 மே மாதம், பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியது. ரோட் ஐலண்ட் அதற்கும் ஆள் அனுப்பவில்லை.

கேள்வி: அமெரிக்க அரசமைப்பின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் மாடிசன், 1787-இல் வலுவான மத்திய அரசுக்காக வாதாடிவிட்டு, 1798-இல் மாநிலங்களின் பக்கம் நின்று தீர்மானம் எழுதிக் கொடுத்தார். இது சந்தர்ப்பவாதம் ஆகாதா?
(வாசகி, மதுரை)

பதில்: முழுவதும் ஆகாது என்பது என் கருத்து. 1787-இல் மாடிசன் கேட்டது அவருக்குக் கிடைத்ததைவிட அதிகம். மாநிலங்கள் இயற்றும் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யும் உரிமை மத்தியச் சட்டமன்றத்துக்கு வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மாநாடு அதை ஏற்கவில்லை. மாநிலத்துக்குள் பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் உரிமையை மிதித்தால் தட்டிக்கேட்க மேலே ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை.

எதிர்த்தரப்பையும் குறைவாக எடை போடக் கூடாது. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், குடிமக்களின் உரிமைப் பட்டியல் இல்லாத சாசனத்தில் கையெழுத்திட மறுத்தார். அரசமைப்பு ‘மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்குவதைக் கண்டித்து, ‘மாநிலங்களாகிய நாங்கள்’ என்று சொல்லாமல் இப்படிச் சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை என்று, புதிய அரசமைப்புக்கு ஒப்புதல் தருவதா என முடிவு செய்ய 1788 ஜூனில் கூடிய வர்ஜீனியா மாநில மாநாட்டில் முழங்கினார் பேட்ரிக் ஹென்றி. ஒப்புதல் அங்கே 89-க்கு 79 என்ற வாக்கிலும், நியூயார்க்கில் 30-க்கு 27 என்ற வாக்கிலும்தான் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் விடாப்பிடியாக நின்றிராவிட்டால், பேச்சுரிமையும் மத உரிமையும் எழுத்தில் ஏறிய 1791-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அவ்வளவு விரைவில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவற்றை 1789-இல் சபையில் முன்மொழிந்தவர் மாடிசனேதான்.

அத்திருத்தங்களில் பத்தாவது, மத்திய அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. ‘வெளிப்படையாக வழங்கப்படாத’ என்று எழுத வேண்டும் எனச் சிலர் கேட்டபோது, எல்லாவற்றையும் ஒரு சாசனத்தில் விரித்து எழுத முடியாது என்று மாடிசன் மறுத்தார். 1791-இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தேசிய வங்கி ஒன்றைத் தொடங்க முனைந்தபோதோ, அரசமைப்பில் அப்படி ஓர் அதிகாரமே இல்லை என்று எதிர்த்தவரும் அவரே. வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் இருக்கும்போது அதற்குத் தேவையான கருவியை அமைக்கவும் அதிகாரம் உண்டு என்றார் ஹாமில்டன். வாஷிங்டன் இரு தரப்பின் எழுத்து வாதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஹாமில்டன் பக்கம் கையெழுத்திட்டார். இந்த இடத்தில் மாடிசனின் நிலை வலுவற்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1798 வேறு கதை. அரசை இழிவுபடுத்தி எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டத்தை காங்கிரஸ் இயற்றியது. வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் குடியரசுத் தலைவர் ஆடம்சைத் தாக்கி எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே அவர் மறுபடி வெற்றிபெற்றது மக்கள் சொன்ன பதில். அப்போதுதான் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு மாடிசனும், கென்டக்கிக்குத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே ஜெபர்சனும் கண்டனத் தீர்மானங்களை மறைவாக எழுதிக் கொடுத்தார்கள். 1787-இல் மாநிலம் எல்லை மீறியது, 1798-இல் மத்திய அரசு எல்லை மீறியது. எல்லை மீறும் அதிகாரத்தை யார் தடுப்பது என்ற மாடிசனின் கேள்வி மட்டும் மாறவில்லை.

1830-களில் தென் கரோலினா, மத்தியச் சுங்கச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்து, அந்தத் தீர்மானங்களையே ஆதாரம் காட்டியது. முதுமையிலும் மாடிசன் அதை மறுத்து எழுதினார்: மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து கண்டிப்பது வேறு, ஒரு மாநிலம் தனியாக நாட்டின் சட்டத்தை ரத்து செய்வது வேறு என்று.

கேள்வி: ‘மாநில உரிமை’ என்பது அடிமை முறையைக் காப்பதற்கான போர்வை மட்டும்தானா?
(வாசகர், கோவை)

பதில்: தொடக்கத்தில் அப்படியில்லை. 1818-இல் மேரிலாந்து, தேசிய வங்கியின் பால்டிமோர் கிளை, மாநிலத்துக்கு வரி கட்டி வாங்கிய முத்திரைத் தாளில்தான் நோட்டு வெளியிட வேண்டும், அல்லது ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டதும், வரி விதிக்கும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தை உள்ளடக்கியது என்று கூறித் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1819-இல் அதைச் செல்லாதாக்கியதும் அடிமை முறையைப் பற்றிய வழக்கல்ல.

ஆனால் அடிமை உடைமையாளர்கள் மாநில உரிமையைக் கொள்கையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மையல்ல. 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான். அதன்படி பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் மத்திய அதிகாரி அவரை அடிமையாகத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம் பெறுவார், விடுவித்தால் 5 டாலர். இதற்கு எதிராக மாநில உரிமை பேசியவை அடிமை முறை இல்லாத வட மாநிலங்கள். விஸ்கான்சின் உயர்நிலை நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியபோது, விஸ்கான்சின் சட்டமன்றம் ஜெபர்சனின் கென்டக்கித் தீர்மான வாசகங்களையே எடுத்தாண்டு கண்டித்தது. 1860 டிசம்பரில் ஒன்றியத்தை விட்டு விலகிய தென் கரோலினா தன் பிரகடனத்தில் அடுக்கிய குறைகளில் முதன்மையானது, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரும் மத்தியச் சட்டத்துக்கு வட மாநிலங்கள் பணிய மறுத்தன என்பதாகும்.