கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாளைக் கணக்குப் போட்டு மீன் விடுங்கள்

கேள்வி: ஆர்.எஸ். மங்கலம் பக்கம் எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுக்க விவசாயிகள் சிலர் சேர்ந்திருக்கிறோம். நெல்லைத் தவிர வேறு பழக்கம் இல்லை. என்ன குஞ்சு, எப்போது விடுவது, எந்த வலையில் பிடிப்பது? தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து கடல் மீன் வரும் ஊரில் கண்மாய் மீன் விலை போகுமா?

பதில்: விலை போகும், அதைப் பிறகு சொல்கிறேன். ஏலம் கேட்பதற்கு முன்னால் ஒன்றை விசாரித்து வையுங்கள். மடைக்கு (பாசனத் தண்ணீர் திறக்கும் வழி) உள்பக்கத்துப் பள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும்? கடந்த நாலைந்து வருஷக் கதையை, மடை திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார். ஏலத்தொகையை அந்தப் பதிலை வைத்துத்தான் கேட்க வேண்டும், கண்மாயின் பரப்பைப் பார்த்து அல்ல.

வைகை அணை மாதிரி கோடையிலும் தண்ணீர் கிடக்கும் இடத்தில் சின்னக் குஞ்சை விட்டு ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம். நம் கண்மாய் கார்த்திகையில் நிறைந்து பங்குனி, சித்திரையில் தரை காட்டும். நாற்பத்தெட்டு மடை உள்ள ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கும் அதே கதிதான். கையில் இருப்பது நாலைந்து மாதம். அதற்குள் மீன் அரைக் கிலோவைத் தொட வேண்டுமானால் விடும்போதே குஞ்சு நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதென்று நுண்குஞ்சு வாங்கி விட்டால் அது விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகப் போகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உப்பில்லாத தண்ணீர் உள்ள பண்ணைக்குட்டை உங்களில் யாரிடமாவது இருந்தால், ஆடியிலேயே குஞ்சு வாங்கி நெருக்கமாக விட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் அளவாகக் கொடுத்து வைத்திருங்கள். நெருக்கத்தில் வளராமல் நின்ற குஞ்சு, பெரிய தண்ணீருக்குள் போனதும் விறுவிறுவென்று எடை போடும். குறுகிய காலக் கண்மாய்க்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

நூறு குஞ்சுக்குக் கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்பது வழக்கமான விகிதம். மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று மூன்றும் இரையைப் பங்கு போட்டுக்கொள்ளும். தீவனம் போடாத பெரிய கண்மாயில் ஏக்கருக்கு ஆயிரத்தை ஒட்டி விட்டால் போதும். கூட்டினால் எண்ணிக்கை மிஞ்சும், எடை நிற்காது. வெயில் காலத்தில் வற்றிய கண்மாயில் ஆடு மாடு மேய்ந்து போட்ட சாணமும் புழுக்கையுமே தரைக்கு உரம். ஜிலேபிக் கெண்டை தானாக வந்து சேரும், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது தடை செய்யப்பட்ட மீன், நாட்டு மீனையும் தின்று தீர்த்துவிடும்.

எப்போது விடுவது என்பதில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். கலுங்கில் (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது விட்டால் குஞ்சு மறுகால் தண்ணீரோடு போய்விடும். அதற்குப் பயந்து கலுங்கை வலையால் அடைத்தால் செத்தையும் பாசியும் சேர்ந்து தண்ணீரை மறிக்கும், கரைக்கே ஆபத்து. மறுகால் நின்ற பிறகு விடுங்கள். மடையின் உள்பக்கம் மட்டும் வலைத்தட்டி கட்டி, அன்றாடம் செத்தையை எடுங்கள். பாசனத்துக்கு மடை திறப்பதைக் குத்தகைதாரர் தடுக்க முடியாது. இதை ஏலத்தன்றே ஊரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு வந்ததும் பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். விடியற்காலையிலோ பொழுது சாயும்போதோ, பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு வாயை அவிழ்த்து, கண்மாய்த் தண்ணீரைக் கை கையாக அள்ளி உள்ளே விட்டு, பையைச் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சு தானாக நீந்தி வெளியே போக வேண்டும். வயிறு காட்டி மிதப்பதை எண்ணிக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும்.

வலைக்கு வருவோம். தை முடியும் வரை சிறுகண்ணி வலை கண்மாயில் இறங்கவே கூடாது. மாசியிலிருந்து நாலு விரல் நுழையும் கண்ணியுள்ள தங்கூசி (நைலான் நரம்பு) வலையைச் சாயங்காலம் கட்டி, விடியுமுன் எடுத்தால் பெரிய மீன் மட்டும் மாட்டும், மற்றது வளரும். கருவேல மரம் நிற்கும் பக்கம் இழுவலை கிழியும், அங்கே வீச்சு வலைதான். ஆழப் பள்ளத்தில் முள் வெட்டிப் போட்டு வைப்பது பழைய வழக்கம். திருட்டு வலை வீசுபவர்களுக்கு அது தடை, மீனுக்கு ஒதுங்க இடம். புதுத்தண்ணீரில் எதிர்த்து ஏறும் ஏத்துமீனைப் பறி (மீன் பிடிக்கும் கூடை) வைத்துப் பிடிக்க விடாதீர்கள், முட்டையும் சினையுமாக வருவது அப்போதுதான். விரால், கெளுத்தி, குரவை எல்லாம் நீங்கள் காசு கொடுக்காமல் கிடைக்கும் மீன்கள். கிலோ விலையில் விரால் கட்லாவை மிஞ்சும்.

இனி விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். உங்கள் மீனுக்கு அது நல்ல நேரம், ஆனால் அதை நம்பி எல்லா மீனையும் நிறுத்தி வைக்க வேண்டாம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி வெயிலும் ஏறினால் உப்பு கூடும், மூச்சுக்காற்று குறையும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்றைக்கே இழுவலை போட்டாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் மொத்தமும் செத்து மிதக்கும். பங்குனிக்குள் முக்கால் பங்கைப் பிடித்துவிட்டு, பள்ளத்து மீனை மட்டும் தடைக்காலத்துக்கு வையுங்கள்.

கடல் மீன் தின்று பழகியவர்கள் கண்மாய் மீனில் சேற்று வாடை என்பார்கள். கரையிலேயே உயிரோடு விற்றால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழாது. மிச்சத்தை வயிறு கீறிக் கழுவி, ஐஸில் வைத்து ராமநாதபுரம், பரமக்குடி சந்தைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போலப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கண்மாய்களில் மீன் பிடிக்க இறங்க வேண்டாம். அவை இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் உள்ளவை. உங்கள் கண்மாய் அந்த வகையில் வராது என்பதை ஏலத்துக்கு முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.