ஒட்டகப் பாலை ஃப்ரிட்ஜ் இல்லாமல் வைத்திருக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறோம். 64 வயதான என் அம்மா சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சௌகார்பேட்டையில் தெரிந்தவர் மூலம் ராஜஸ்தானிலிருந்து உறைய வைத்த ஒட்டகப் பால் வாங்குகிறோம். காய்ச்சினால் சத்து போய்விடும், பச்சையாகக் கொடுங்கள் என்கிறார்கள். எங்கள் தெருவில் அடிக்கடி கரண்ட் போகிறது. மண்பானை, மிளகாய்க் காம்பு, ஆப்ப சோடா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி டாக்டர்?

பதில்: மூன்றுமே வேண்டாம். ஃப்ரிட்ஜ் ஓடினாலும்கூட அம்மாவுக்கு அந்தப் பாலைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள்.

ஒட்டகப் பால் பசும்பாலைவிடத் தாமதமாகப் புளிக்கும் என்பது உண்மை. அதிலுள்ள லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற புரதங்கள் பாக்டீரியா பெருகுவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடும். ஆனால் என் பயம் புளிப்பைப் பற்றியது இல்லை. புரூசெல்லா என்ற கிருமி கலந்திருந்தால் பால் திரியாது, வாடை வராது, கறந்த பால் போலவே இருக்கும். உறைய வைத்தாலும் அது சாகாது. குடித்தவருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி. அம்மா ஏற்கெனவே பச்சையாகக் குடித்திருந்து இப்படி ஏதாவது வந்தால், ஒட்டகப் பால் விஷயத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, காசநோய் என்றே தேடிக்கொண்டிருப்போம்.

மிளகாய்க் காம்பை நம் வீடுகளில் எதற்குப் போடுவோம்? உறைமோர் இல்லாத நாளில் பாலைத் தயிராக்க! ஆப்ப சோடா புளிப்பை மட்டும் மறைக்கும். கிருமி பெருகிக்கொண்டே இருக்கும், நாக்குக்குத்தான் தெரியாமல் போகும். மண்பானையை நானே சிபாரிசு செய்வதுண்டு, இன்சுலினுக்கு. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் குப்பி 25 டிகிரி வாக்கில் சில வாரம் தாங்கும். பாலுக்கு 4, 5 டிகிரி வேண்டும். பிகானேரின் வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிரும். துவைத்த துணியே காயாத நம் சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவு எங்கே குளிரப்போகிறது?

ஒட்டகம் மேய்க்கும் மக்களும் பாலை நாள்கணக்கில் பச்சையாக வைத்திருக்கப் பெரும்பாலும் முயலவில்லை. புளிக்க வைத்துக் குடித்தார்கள். சூடானில் அதற்கு ‘கரிஸ்’ என்று பெயர், கஜகஸ்தானில் ‘ஷுபாத்’. நீங்களும் செய்யலாம், ஆனால் காய்ச்சிய பாலில். நன்றாகப் பொங்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். கெட்டியாக உறையாது, மோர் போல நீர்த்தே இருக்கும். இந்தப் பாலின் புரத அமைப்பு அப்படி. கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

காய்ச்சினால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். புரதமும் கால்சியமும் எங்கும் போகாது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் உருக்கிக் காய்ச்சிக் கொடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் அடிக்கடி போகும் வீட்டுக்கு ஒட்டகப் பால் பவுடரே நல்லது. காய்ச்சி ஆறிய நீரில் அவ்வப்போது கலந்துகொள்ளலாம்.

இன்னொன்று. ஒட்டகப் பால் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்குச் சிறிய ஆய்வுகள்தான் இருக்கின்றன. அதை நம்பி இன்சுலின் அளவில் கை வைக்காதீர்கள். பால் ஆரம்பித்த பிறகு குளுக்கோமீட்டரில் எண் இறங்கியிருந்தால், தேதி போட்டு எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை அவர்தான் மாற்ற வேண்டும்.