குழந்தைகள் இரட்டை அர்த்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள்: பெற்றோர் என்ன செய்யலாம்?

உங்கள் ஏழு வயது மகள் ஒரு குத்துப் பாட்டை முழுக்க மனப்பாடமாகப் பாடுகிறாள், பள்ளி ஆண்டு விழாவுக்கும் அதே மாதிரிப் பாட்டுதான் கொடுத்திருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் ஆடச் சொல்கிறார்கள், வேண்டாம் என்றால் உங்களைக் கட்டுப்பெட்டி என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்பதா, விட்டுவிடுவதா என்பது உங்கள் கேள்வி. எனக்கு ஒன்பதாவது படிக்கும் மகனும் ஐந்தாவது படிக்கும் மகளும் இருக்கிறார்கள். திருச்சியில் இருக்கிறோம். இந்தக் கவலை எங்கள் வீட்டிலும் வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் ஆசை இருக்கிறதா என்று பார்த்து நான் பயப்படுவதில்லை. அதில் பெண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். மகளை நினைத்து எவ்வளவு கவலைப்படுகிறோமோ, வீட்டில் பையன் இருந்தால் அவனை நினைத்து அதைவிடக் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் எழுதியதில் மகள் மட்டும்தான் வருகிறாள். அநேகமாக இந்தக் கவலையைச் சொல்கிற எல்லாரும் மகளைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

தடை போட்டால் சரியாகிவிடுமா என்றால், இந்த நாட்டிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று சொல்லி அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். தயாரிப்பாளர்களோடு மோதல் முற்றி, சில வருடம் வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கடைசியில் அரசே இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவிதபாரதியை ஆரம்பித்தது. ஒரு மத்திய அமைச்சரால் நிறுத்த முடியாததை நாம் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட முடியாது. பக்கத்து வீட்டில் ஓடும், ஸ்கூல் வேனில் ஓடும், கோயில் திருவிழா மேடையில் ஓடும்.

அமெரிக்காவில் வேறு வழி எடுத்தார்கள். செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் 11 வயது மகளுக்கு வாங்கிக்கொடுத்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோய், 1985-ல் வேறு சில பெண்களோடு சேர்ந்து ஓர் அமைப்பையே தொடங்கினார். அந்த வருடம் செப்டம்பரில் செனட் குழு இதை விசாரித்தது. இசைக் கலைஞர்கள் சிலர் நேரில் வந்து கடுமையாக எதிர்த்தார்கள். இருந்தும் 'பெற்றோர் கவனிக்கவும்' என்று அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. இன்றைக்கு ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்களில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஆங்கில எழுத்து 'ஈ' (E) என்று ஒரு குறி போடுகிறார்களே, அது அந்த ஸ்டிக்கரின் வாரிசு. ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய் அப்படிப்பட்ட பாட்டுகளை நிறுத்திவைக்கலாம். நானும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் நம் பாட்டுகளுக்கு அது பெரிதாக உதவாது. அந்தக் குறி வெளிப்படையான கெட்ட வார்த்தைக்கும் பச்சையான வர்ணனைக்கும் விழுவது. தமிழில் இரட்டை அர்த்தப் பாட்டு எழுதுகிறவர்கள் கெட்ட வார்த்தையே போடுவதில்லை. மாம்பழம், பூட்டு, சாவி, வண்டி, தோட்டம் என்று எல்லாமே வீட்டில் புழங்குகிற சொற்கள்தான். எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது. 2015 டிசம்பரில் இணையத்தில் வெளியான 'பீப் சாங்' அளவுக்குப் போனால்தான் ஊரே கொதிக்கிறது, போலீசில் புகார் போகிறது. தினமும் காதில் விழுகிற மற்ற பாட்டுகள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

சென்சார் சான்றிதழை நம்பலாமே என்று சிலர் சொல்வார்கள். அதில் ரெண்டு சிக்கல். தமிழ்நாட்டில் 2011-லிருந்து ஜிஎஸ்டி வந்த 2017 வரைக்கும், கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதனால் எப்படியாவது 'யு' வாங்கிவிட வேண்டும் என்று இங்கே அங்கே ஒரு வார்த்தையை மௌனமாக்கி, ஒரு ஷாட்டை வெட்டி வாங்கினார்கள். அந்தக் காலத்து 'யு' படங்களின் பாட்டுகளை இன்று உட்கார்ந்து கேட்டால், அந்த எழுத்து குழந்தைகளுக்காக இல்லை என்று புரியும். 2023 சட்டத் திருத்தத்தில் யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டுமே, தியேட்டர்காரர் யாரையும் நிறுத்தப் போவதில்லை. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. லிரிக் வீடியோ படத்துக்குச் சில மாதம் முன்னாலேயே யூடியூபில் வந்துவிடுகிறது. அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. படம் தியேட்டருக்கு வருவதற்குள் உங்கள் மகள் அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டு முடித்திருப்பாள்.

ஆக, வடிகட்டுகிற வேலை நம்மிடம்தான் வந்து நிற்கிறது. எதை வைத்து வடிகட்டுவது?

எனக்குத் தெளிவு கொடுத்தது ஒரு ஆய்வு. 2006-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 1,461 பிள்ளைகளிடம் என்ன பாட்டு கேட்கிறார்கள் என்று விசாரித்து, சில வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்ணை ஒரு பண்டமாக, ஆணை அடங்காதவனாகக் காட்டி இழிவுபடுத்துகிற பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள், மற்றவர்களைவிடச் சீக்கிரம் பாலுறவில் இறங்கியிருந்தார்கள். காமம் இருந்தும் இழிவு இல்லாத பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது; பாட்டுதான் காரணம் என்று அது நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் நான் கண்ணால் பார்த்ததோடு அது பொருந்துகிறது.

யோசித்துப் பாருங்கள், ஆசையைப் பாடுவது நமக்குப் புதிதா? குறளில் காமத்துப்பால் இருக்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் உடம்பின் ஏக்கத்தை எவ்வளவு துணிச்சலாகப் பாடியிருக்கிறாள்! சங்க அகப்பாட்டுகளைப் பள்ளியிலேயே படிக்கிறோம். கணவனும் மனைவியும் நெருக்கமாகப் பாடுகிற ஒரு மெலடியை என் மகள் முணுமுணுத்தால் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் கொண்டாடுகிற பாட்டு, 'ஏமாத்திட்டுப் போயிட்டா' என்று பெண் இனத்தையே திட்டுகிற பாட்டு, அதில் இரட்டை அர்த்தம் ஒரு சொட்டுகூட இல்லாவிட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, துரத்துவதையே காதல் என்று சினிமா எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேசினார்கள். பிறகு மறந்துவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், டிவியில் பாட்டு சேனல் ஓடியது. நாயகி கையை உதறிவிட்டு நடக்கிறாள். பஸ் ஸ்டாப், காலேஜ் வாசல், அவள் வீட்டு மொட்டை மாடி என்று நாயகன் நாலு நண்பர்களோடு விடாமல் வருகிறான்.

"அவதான் வேணாங்கிறாளே, இவன் ஏன் விடமாட்டேங்கிறான்?" என்று மகளிடம் கேட்டேன்.

"அவன் ஹீரோம்மா. கடைசில அவளுக்குப் புடிச்சிரும்."

"உன் கிளாஸ் பையன் இப்படி உன் பின்னாடியே வந்தா?"

"மிஸ்கிட்ட சொல்லிருவேன்."

"அப்ப அவளும் சொல்லணும்ல?"

"சொல்லணும். ஆனா சொன்னா படம் முடிஞ்சிரும்ல."

சேனலை மாற்றவில்லை. அந்தப் பாட்டை அவள் இன்னும் பாடுகிறாள். ஆனால் இப்போது அந்த நாயகனைப் பார்த்தால் "லூசு, வீட்டுக்குப் போடா" என்கிறாள். எனக்கு அது போதும். ஏழு வயதுக்கு இவ்வளவுகூட வேண்டாம். வரிக்கு அர்த்தம் கேட்டால், "பெரியவங்க கேலி பண்ணிக்கிற பாட்டு, கொஞ்சம் மரியாதை இல்லாத கேலி, நமக்கு வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பாட்டு போடுங்கள். "ச்சீ, வாயை மூடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அர்த்தம் தெரியாமல் தாளத்துக்காகப் பாடிய பிள்ளைக்கு, தன்னிடம்தான் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று தோன்றிவிடும். அடுத்த முறை உங்களிடம் கேட்கவே மாட்டாள்.

பையன் விஷயம் இவ்வளவு லேசாக முடியவில்லை. அவன் எட்டாவது படிக்கும்போது, டியூஷன் வாசலில் ஒரு பெண் சைக்கிளை நிறுத்துகிற நேரம் பார்த்து இவனும் கூட்டாளிகளும் ஒரு பாட்டின் வரியைப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்தார். கேட்டால், "பாட்டுதானம்மா பாடினோம். எஃப்எம்ல போடுறாங்க, டிவில போடுறாங்க, நாங்க பாடினா மட்டும் தப்பா?" என்றான். அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பாட்டு வரிகளைப் போனில் எடுத்துக் கொடுத்து, ராகம் இல்லாமல், பாடம் வாசிக்கிற மாதிரி எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். முதல் வரியை வாசித்தான். ரெண்டாவது வரி பாதியில் குரல் இறங்கியது. மூன்றாவது வரிக்கு "வேணாம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் மூன்று நாளாக டியூஷனுக்கு வரவில்லை என்று அப்புறம்தான் அவனிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவன் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்க வைத்தார். இதை அம்மா மட்டும் சொன்னால் எடுபடாது. அந்த மாதிரிப் பாட்டு வரும்போது அப்பா சிரிக்கிறாரா, சத்தத்தைக் கூட்டுகிறாரா என்று பையன்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ராகமில்லாமல் வாசிக்க வைப்பது பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. தாளம் போனதும் வரி அம்மணமாக நிற்கும்.

பள்ளி ஆண்டு விழாவில் நான் உங்களைவிடக் கறாராக இருப்பேன். காதில் விழுவது வேறு, பெரியவர்களே சேர்ந்து குழந்தைக்கு மேக்கப் போட்டு, உதட்டைக் கடிக்கவும் கண்ணடிக்கவும் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றிக் கைதட்டுவது வேறு. அந்தக் கைதட்டலில் ஒரு பாடம் இருக்கிறது: நீ இப்படி ஆடினால்தான் எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். சிறுமிகளை இப்படிக் காட்சிப்பொருளாக்குவது பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2007-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. தன் உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணம், சாப்பாட்டுக் கோளாறு, மனச்சோர்வு இவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று அதில் இருக்கிறது. 2019 ஜூனில் நம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே டிவி சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. நடன ரியாலிட்டி நிகழ்ச்சிகளில், படத்தில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளைக் குழந்தைகளை ஆட வைப்பது வயதுக்குப் பொருந்தாது, அவர்களைப் பாதிக்கும் என்று.

என் மகள் மூன்றாவது படிக்கும்போது வெளியிலிருந்து வந்த டான்ஸ் மாஸ்டர் வீடியோவை அப்படியே பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். நானும் இன்னும் சில அம்மாக்களும் அந்த அறிவுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். வகுப்பு ஆசிரியை சொன்னதைக் கேட்டு எங்களால் பதில் பேச முடியவில்லை: "பேரண்ட்ஸ்தான் மேம் இந்தப் பாட்டெல்லாம் கேக்குறாங்க. போன வருஷம் கும்மி வச்சோம், யாரும் வீடியோகூட எடுக்கல." பேசிப் பேசிக் கடைசியில் சின்ன வகுப்புகளுக்கு மட்டும் பாட்டை மாற்றினார்கள். எட்டாவது, ஒன்பதாவதுக்கு மாற்றவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் ஒத்திகை தொடங்குவதற்கு முன்னாலேயே போங்கள். டிரெஸ் வாடகைக்குப் பணம் கட்டிய பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். தனியாகப் போகாதீர்கள். 'இந்தப் பாட்டு வேண்டாம்' என்று மட்டும் சொல்லாமல், அதே வேகத்தில், அதே மாதிரி ஆட்டம் போடக்கூடிய வேறு ரெண்டு மூன்று பாட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். குத்துத் தாளத்தில் நல்ல வரிகள் உள்ள பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. பறையும் தவிலும் கேட்டால் குழந்தை ஆடத்தான் செய்யும், அதில் என்ன குற்றம்?

போன் விஷயம் சின்னது: ஆட்டோபிளேயை அணைத்துவையுங்கள், ஏழு வயதுக்கு யூடியூப் கிட்ஸ் போதும், இயர்போன் கொடுக்காமல் ஸ்பீக்கரில் கேட்க விடுங்கள். என்ன ஓடுகிறது என்று உங்களுக்கும் கேட்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில், விசேஷத்துக்குப் போவதற்கு முன்னாலேயே நெருக்கமான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். நான் என் நாத்தனாரிடம் சொல்லிவைப்பேன். "அண்ணி, பாப்பாவை ஆடச் சொன்னா இந்தப் பாட்டைப் போடுங்க" என்று மகளுக்குப் பிடித்த ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நாலு பேர் முன்னால் மகளை இழுத்து நிறுத்தி, ஆடாதே என்று சொல்ல வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அவமானம் அவளுக்குத்தான் போய்ச் சேரும். யாராவது வீடியோ எடுத்தால், ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று அப்போதே, சிரித்த முகத்தோடேயே சொல்லிவிடுங்கள். கட்டுப்பெட்டி என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.